புருஷன் வீடு எங்கே?

அத்தியாயம் 4

கச்சான் காற்று காலை எட்டு மணிக்கே கல்முனைக்குடி ஒழுங்கைகளில் புழுதியை அள்ளிக்கொண்டு திரிந்தது. அந்தப் புழுதியோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வேலிக்கு வேலி பறந்தது. சுபஹுத் தொழுதுவிட்டு வந்தவர்கள் பள்ளிவாசல் படியில் அதைக் கண்டார்கள். மீன் வாங்கப் போனவர்கள் சந்தையில் கண்டார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள்கூட ஒரு பிரதியை மடித்து மடியில் செருகிக்கொண்டார்கள். ஒரு பெண்பிள்ளையைப் பற்றிய அவதூறு என்றால் வாசிக்கவா வேண்டும்? கையில் இருந்தாலே நம் ஆண்களுக்கு வயிறு நிறைந்துவிடும்.

எண்பத்தொன்றாம் ஆண்டு வைகாசி. மாவட்ட சபைத் தேர்தலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

கலந்தர் தன் பழைய மொரிஸ் மைனர் காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிரதியைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். வயது ஐம்பத்தைந்து. ஊர் சம்மாந்துறை, தொழில் ஹயர், அதாவது வாடகைக்குக் கார் ஓட்டுவது. அவர் மனைவி கைருன்னிஸா இருபத்தைந்து வருடம் தபால் கந்தோரில் இருந்து ஓய்வெடுத்தவள். காணாமற் போன பார்சல்களைத் தேடிப் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? இப்போது காணாமற் போன மாப்பிள்ளைகளையும் களவுபோன காப்புகளையும் தேடிப் பிடிக்கிறது. பொலிசுக்குப் போக வெட்கப்படுகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் யோசிப்பாள். கலந்தர் கார் ஓட்டுவார், கூடவே வாயையும் ஓட்டுவார்.

இன்றைக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சித்தி லைலா டீச்சர். மற்றவர் அப்துல் ஹமீட் ஹாஜியார்.

லைலா டீச்சரைத் தெரியாதவர் அந்தக் கரையில் இல்லை. சுயேச்சைக் குழுவின் பட்டியலில் முதற் பெயர் அவருடையது. ஒரு பெண் லொறி மேல் ஏறி மைக்கைப் பிடித்ததையே ஊர் பொறுக்கவில்லை. ஏறியவர் சும்மா இறங்கினாரா? "பொண்ணோட ஊடும் வளவும் கேக்கிற மாப்புளமார், நாளைக்கு அடுப்புச் சாம்பலையும் அளந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் அவர் மதிலில் தார் பூசியிருந்தது. அடுத்த நாள் வளவுக்குள் அழுகிய சூரை மீன் விழுந்தது. அவர் அசையவில்லை. பெண்கள் கூட்டமொன்றில் எழுந்து, "ஆம்புளையள் எறியிறத எறியட்டும். இந்த ஊர்த் தாய்மார் என்ன வேணாமெண்டு சொன்னா, அண்டைக்கே விலகிருவன்" என்று சொன்னார்.

அந்தச் சொல்தான் இப்போது அவர் கழுத்தில் விழுந்திருந்தது.

"வாசிங்க" என்றாள் கைருன்னிஸா.

கலந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கல்முனைக்குடித் தாய்மாரின் கண்ணீர் வேண்டுகோள். புருஷன் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள் எங்கள் ஊரை ஆள்வதா? சகோதரி லைலாவே! தாய்மார் நாங்கள் வேண்டாம் என்கிறோம். சொன்ன சொல்லைக் காப்பாற்று! விலகு!" அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "எந்தத் தாய்மாரெண்டு பேரக் காணல்லியே. மீச முளைச்ச தாய்மாராக்கும்."

லைலா டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மடியில் வைத்தார். "விலகல் கடிதம். கையெழுத்தும் வச்சாச்சு. இண்டைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு எங்கட வளவுக்குத் தாய்மார வரச் சொல்லியிரிக்கன். இது அவங்க எழுதினதெண்டா கடிதத்தக் குடுத்திருவன். அவங்க எழுதல்லயெண்டா யார் எழுதினதெண்டு எனக்குத் தெரியணும் கைருன்னிஸா."

"அவங்களுக்கிட்டயே கேட்டா என்ன?"

"நூறு பேருக்கிட்ட, 'நீங்களா எழுதினீங்க'ண்டு கேக்கிறதா? ஒராள் ஓமெண்டு சொன்னாலும் கதை முடிஞ்சி."

ஹாஜியார் சால்வை நுனியால் கண்ணை ஒற்றினார். டீச்சரைத் தேர்தலில் நிற்கவைத்தவரே அவர்தான். குழுவின் செயலாளர், பட்டியலில் இரண்டாவது பெயர். "எந்தப் பாவி செஞ்ச வேலையோ தெரியா. ஆனா புள்ள, சபையில சொன்ன சொல்லொண்டு இரிக்கி. பள்ளிவாசல் மரைக்கார்மாரும் கேக்காங்க. மானத்தோட விலகிறதும் ஒரு வெற்றிதானே."

"முப்பது வருசத்துக்கு முந்தி ரெண்டு சாரனோட சம்மாந்துறையில இருந்து வந்து இவட ஊட்டுல ஒதுங்கினவன் நான்" என்றார் கலந்தர், தாளை மடித்துக்கொண்டே. "புருஷன் ஊடெண்டு எனக்கொண்டு எங்கயாவது இரிந்தா ஆராவது காட்டித் தாங்களன். ஒரு நாளைக்காவது கால நீட்டிப் படுப்பம்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கைருன்னிஸா எழுந்துவிட்டாள். தாளை அவர் கையிலிருந்து பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பார்வை கலந்தருக்குத் தெரியும். விலாசம் கிழிந்த பார்சலை அவள் இப்படித்தான் பார்ப்பாள்.

"டீச்சர், அசருக்கு நாங்க வாறம். இஞ்சருங்க, கார எடுங்க."

*

கார் பிரதான வீதிக்கு ஏறுமுன்பே கலந்தர் கேட்டுவிட்டார். "நான் என்ன சொன்னன்? எனக்கே தெரியாம நான் புத்தியா என்னமோ சொல்லியிரிக்கன் போல."

"வருசத்துல ஒருக்கா நடக்கிறதுதானே" என்றாள் கைருன்னிஸா. "இந்த ஊர்ல ஊடு ஆருட பேர்ல இரிக்கி?"

"பொம்புளைட பேர்ல. பொம்புளப் புள்ள பொறந்த அண்டைக்கே வாப்பா அவளுக்கு ஊடு கட்டக் கல்லரியத் தொடங்குவார். மாப்புள வந்து குடியிருப்பார். அது சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"அப்ப புருஷன் ஊட்ட உட்டு ஒரு பொம்புளையத் துரத்துறதெப்பிடி? அவ அங்க இரிந்தாத்தானே துரத்த. சண்டையெண்டு வந்தா இஞ்ச வெளிய போறது ஆரு?"

"நாங்கதான்" என்று பெருமூச்சு விட்டார் கலந்தர். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காரையே நிறுத்திவிட்டார். "ஆ! எழுதினவனுக்கு ஊர் வழக்கம் தெரியா! இந்த ஊர்த் தாய்மாருமில்ல, இந்த ஊரே இல்ல!"

"நடு ரோட்டுல நிக்கிறீங்க."

பின்னால் நெல் மூட்டையோடு வந்த உழவு இயந்திரம் ஊரைக் கூட்டிக் கத்தியது. கலந்தர் ஓட்டினார். அவருக்கு ஏற்கெனவே குற்றவாளி கிடைத்தாயிற்று. பெரிய கட்சி வேட்பாளர் முகைதீன்பாவா முதலாளி. அரிசி ஆலைக்காரர். டீச்சர் வெல்லக்கூடாது என்று பகிரங்கமாகப் பிரார்த்திக்கிறவர். வெளியூரிலிருந்து பேச்சு எழுதிக் கொடுக்க ஓர் ஆளை இறக்கியிருக்கிறார் என்றும் ஒரு கதை அடிபட்டது.

"முதலாளிர கந்தோர்ல நிப்பாட்டட்டா?"

"நிப்பாட்டுங்க. அவர் வாயத் திறந்தாப் போதும்."

முதலாளியின் தேர்தல் கந்தோரில் வாய்க்குப் பஞ்சமே இல்லை. தகரக் கூரையில் இரண்டு ஒலிபெருக்கி. அதன் கீழே வெற்றிலை மென்றபடி பத்துப் பன்னிரண்டு வீரர்கள். வீரர்கள் என்று நான் சொல்வது, இருட்டில் தார் வாளியோடு போய் ஒரு பெண்பிள்ளையின் மதிலை வெல்லக்கூடிய வீரர்கள். அவர்கள் விரல் நகங்களில் இன்னும் தார் இருந்தது. கலந்தர் காரை விட்டு இறங்கியதும் ஒருவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"ஆ, தபால் ராத்தாவா, வாங்க!" முதலாளியின் பருத்த உடம்பு கதிரையில் கொஞ்சம் அசைந்தது. "நோட்டீசு பத்தியா? நான் அடிக்கல்ல. எனக்கு என்னத்துக்கு? சொல்றத மைக்குல, ஊரறியச் சொல்லுறவன் நான். நேத்தும் சொன்னன், கேளுங்க." அவர் எழுந்து நின்று கையை உயர்த்தினார். கந்தோர் அமைதியாயிற்று. "புருசன ஊட்ட உட்டுக் கலைச்ச பொம்புள, நாளைக்கு நம்மள ஊர உட்டுக் கலைக்க மாட்டாவா?"

வீரர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். இந்தப் பகிடியை அவர்கள் நாற்பதாவது தடவை கேட்டிருப்பார்கள். இருந்தும், கட்சிச் சிரிப்புக்கு அலுப்பு ஏது?

"நல்லாச் சொல்லுறீங்க முதலாளி" என்றாள் கைருன்னிஸா. "அந்தப் பேச்சு எழுதிற ஆள் எங்க?"

"அவனா? கொழும்பால வந்தான். வந்து மூணாம் நாள் வயித்தால போகுதெண்டு திரும்பிட்டான். இப்ப எல்லாம் என்ட சொந்தப் பேச்சு."

"அது கேக்கக்குள்ளயே தெரியிது" என்றார் கலந்தர், மிகுந்த மரியாதையோடு.

வெளியே வந்ததும் கலந்தர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இவர்தான். மூஞ்சில எழுதி ஒட்டியிரிக்கி."

"இவர் இல்ல."

"ஏன்?"

"கலைச்சவ, துரத்தினவ எண்டு சொன்னார், கேட்டிங்களா? கலைபட்டவ எண்டு சொல்லல்ல. கேடுகெட்ட பேச்செண்டாலும் ஊர்ப் பேச்சு. இவருக்குப் புருஷன் ஊடெண்ட சொல்லு வாயில வரா. வராதவர் எழுத மாட்டார்." அவள் பிரசுரத்தை அவரிடம் நீட்டினாள். "இப்ப மேல இரிக்கிற பிறையப் பாருங்க. என்ன செய்யுது?"

கலந்தர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தாளின் தலையில் ஒரு பிறை. நம் பள்ளிவாசல் நோட்டீஸ்களில் பிறை நிமிர்ந்து நிற்கும், நட்சத்திரத்தை அணைத்துக்கொண்டு. இது இரண்டு கொம்பும் மேலே பார்க்க, தோணி போல மல்லாந்து கிடந்தது.

"படுத்துக் கிடக்கு. நோன்பு களைப்பாக்கும்."

"சிவனுக்குத் தலையில இப்பிடித்தான் இரிக்கும். இது சிவராத்திரி நோட்டீசுக்கு வச்சிரிக்கிற அச்சு. நம்மட ஊர் அச்சுக்கூடமெண்டா பிறையும் நட்சத்திரமும் பெட்டி பெட்டியா வச்சிரிப்பாங்க. இல்லாத இடத்துல இரிந்தத எடுத்து வச்சிரிக்காங்க. கோயில் நோட்டீசெல்லாம் அடிக்கிறது ஆரு?"

"காரைதீவுப் புண்ணியமூர்த்தி" என்றார் கலந்தர். கார் தானாகவே தெற்கே திரும்பியது போல இருந்தது.

*

புண்ணியமூர்த்தியின் அச்சுக்கூடம் ஒரு கல்வீட்டின் விறாந்தை. காலால் மிதித்து ஓட்டும் இயந்திரம் ஒன்று. கண்ணகை அம்மன் சடங்கு நோட்டீஸ் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. புண்ணியமூர்த்தி நல்ல மனிதர். ஆனால் பொய் சொல்ல வராத நல்ல மனிதர்.

"இது நம்மட இல்ல அக்கா" என்றார், தாளைப் பார்க்காமலே.

"பாருங்க தம்பி."

"பாத்தும் நம்மட இல்ல."

"சரி. அப்ப பொலிசுக்கிட்டக் குடுத்து, அச்சடிச்சவர்ட பேரில்லாத தேர்தல் நோட்டீசொண்டு கிடக்கு, பிற மல்லாந்து கிடக்கெண்டு சொல்லுறன். அவங்க வந்து உங்கட பெட்டியில இரிக்கிற பிறையத் தூக்கிப் பாக்கட்டும்."

புண்ணியமூர்த்தி உட்கார்ந்துவிட்டார். "பேர் போடாதீங்கெண்டு கடிதத்துல எழுதியிரிந்திச்சு அக்கா. பஸ் கொண்டக்டர் கொண்டு வந்து குடுத்தவன். எந்தக் கையிலருந்து வந்ததெண்டு அவனுக்கும் தெரியா, எனக்கும் தெரியா."

"எழுத்துக் கோத்தது ஆரு?"

"நான்தாங்க" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பெயர் வீரையா. மலையகத்துப் பண்டாரவளைப் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தவர்.

கலந்தர் மனைவியின் காதில் குசுகுசுத்தார். "வெளியூர் ஆள்! பிடிபட்டான்!"

கைருன்னிஸாவின் முகமும் மலர்ந்தது. "ஐயா, உங்கட ஊர்ப் பக்கம் கலியாணம் முடிச்சா பொம்புள எங்க போவா?"

"புருஷன் வீட்டுக்குத்தாங்க. வேற எங்க போறது?"

"இந்த நோட்டீச நீங்கதான் எழுதினீங்களா?"

"ஐயையோ, எழுதலீங்க! கோத்தேன், திருத்துனேன், அவ்வளவுதான்." வீரையாவின் குரலில் பெருமை வந்துவிட்டது. "அந்த ஆளு எழுதியிருந்தது ஒரே தப்புங்க. பாருங்க, 'புருஷனை வீட்டை விட்டுத் துரத்தியவள்'னு எழுதியிருந்தாரு. பொம்பள எங்கயாச்சும் புருஷன வீட்ட விட்டுத் துரத்துவாளாங்க? அவரு வீட்டுலயே இருந்துகிட்டு அவரையே எப்படித் துரத்துறது? அவசரத்துல மாத்தி எழுதிட்டாருன்னு நெனச்சு நான்தான் சரியாக்குனேன்."

உட்கார்ந்திருந்த புண்ணியமூர்த்தி துள்ளி எழுந்தார்.

நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி மனிசா! இஞ்ச ஊடு பொண்டாட்டிட! இந்த விறாந்தையே என்ட பொண்டாட்டிட சீதனம்! நான் மெசின் வச்சிரிக்கதே அவ போனாப் போகட்டுமெண்டு உட்டதாலதான்!"

வீரையா கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். தான் எந்த நாட்டில் வேலை பார்க்கிறோம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது போலிருந்தது.

கலந்தருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மனைவியைப் பார்த்து அடக்கிக்கொண்டார். காலையிலிருந்து அவள் கட்டிய கோபுரம் இடிந்து விறாந்தையில் கிடந்தது. வெளியூர்க்காரர் பிழையைத் திருத்தினார், அவ்வளவுதான். எழுதியவன் உள்ளூர்க்காரன். ஊர் வழக்கம் சுத்தமாகத் தெரிந்தவன்.

"அப்ப முதலாளிதான்" என்றார் மெதுவாக. "வாயால சொன்னதத்தானே எழுதியுமிரிக்கார். நான் அப்பவே சொன்னன்."

அவள் விடவில்லை. "வேற என்ன திருத்தினீங்க?" என்று வீரையாவைக் கேட்டாள்.

"ஊர்ப் பேருங்க. அதையே தப்பா எழுதியிருந்தாரு. கல்முனைக்கு மூணு சுழி ண போட்டிருந்தாரு. 'கல்முணை'. நான் ரெண்டு சுழியாக்கிட்டேன்." அவர் சுவரில் இருந்த ஆணியிலிருந்து ஒரு தாளை உருவி எடுத்தார். "பாருங்க, ஒண்ணுல்ல, கீழ எழுதுன கடுதாசியையும் சேத்து மூணு எடத்துல."

தாளின் உச்சியில் பிஸ்மிக்கு அடையாளமாக 786 என்று எழுதியிருந்தது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே ஒரு பெண்ணின் மேல் சேறு பூசத் தொடங்கியிருக்கிறான் எழுதியவன். இப்படிப்பட்டவர்கள்தான் பிள்ளைகளே, உணவுக்கு முன் கையை மூன்று தரம் கழுவுகிறவர்கள்.

கைருன்னிஸா தாளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மடித்துக் கைப்பையில் வைத்துப் பூட்டினாள்.

"ஆரெண்டு தெரிஞ்சிட்டா?" என்றார் கலந்தர்.

"இருபத்தஞ்சு வருசமாத் தெரியும். ஆனா நான் சொன்னா, 'பிழை ஆரும் உடலாம்' எண்டு சொல்லுவார். அவர்ட வாயால வரணும்."

"அது எப்பிடி வரும்?"

"அவருக்குக் கோவம் வராத இடத்தில அடிச்சா வரா. பெருமைல அடிச்சா வரும்."

*

அசர் முடிந்து அரை மணி நேரத்தில் லைலா டீச்சரின் வளவு நிறைந்துவிட்டது. மாமரத்தின் கீழ் நான்கு கதிரை. இரண்டில் மரைக்கார்மார் இருவர், ஒன்றில் ஹாஜியார், ஒன்று காலி. தலைக்கு முக்காடிட்ட தாய்மார் பாயிலும் படியிலும் மதிலோரமும் இருந்தார்கள். தங்கள் பெயரால் வந்த பிரசுரத்தை அவர்களும் காலையிலிருந்து பார்த்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவள்தான் எழுதியிருப்பாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவதூறின் கெட்டித்தனமே அதுதான். ஒருவரைக் குத்துவதற்காக எறிந்த கல் நூறு பேரைப் பிரித்துவிடுகிறது.

லைலா டீச்சர் கைருன்னிஸாவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் உறையை எடுத்தார். மரைக்கார்மார் பக்கம் திரும்பினார்.

"சொன்ன சொல்லு" என்று தொடங்கினார்.

"ஒரு நிமிசம் டீச்சர்" என்றாள் கைருன்னிஸா. "கடிதம் குடுத்தாப் பற்றுச்சீட்டு வேணும். கந்தோர்ப் பழக்கம், மன்னிச்சுக்கங்க. ஹாஜியார்தானே செயலாளர். 'கல்முனைக்குடி சித்தி லைலா தந்த விலகல் கடிதம் கிடைச்சிச்சு'ண்டு ஒரு வரி எழுதி ஒப்பம் வைங்க. பொறகு வாங்குங்க."

ஹாஜியாருக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் கடிதம் கைக்கு வரும் அவசரத்தில் இருந்தார். கலந்தர் நீட்டிய பேனையை வாங்கி, முழங்காலில் தாளை வைத்து எழுதி, ஒப்பமிட்டுக் கொடுத்தார். கைருன்னிஸா வாசித்தாள். கலந்தருக்குக் காட்டினாள்.

கல்முணைக்குடி. மூன்று சுழி.

கலந்தருக்கு வாய் அடைத்துப் போயிற்று. முப்பது வருடத்தில் இது இரண்டாம் தடவை. காலையில் அழுத கண்! டீச்சர் விலகினால் பட்டியலில் முதற் பெயர் யாருடையதாகும் என்பதை அவர் அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்.

"தாய்மாரே" என்று கைருன்னிஸா திரும்பினாள். "இந்த நோட்டீச எழுதினது ஆரெண்டு தேடிப் போனன். ஒண்டு மட்டும் தெரிஞ்சிச்சு. எழுதினவர் பெரிய மடையன்."

பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"கேளுங்க. 'புருஷன் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள்.' இந்த ஊர்ல ஆருக்காவது புருஷன் ஊடெண்டு ஒண்டு இரிக்கா?"

முதலில் ஒரு சிரிப்பு மதிலோரத்தில் கிளம்பியது. பிறகு படியில். பிறகு வளவு முழுக்க. காலையிலிருந்து கொடுப்புக்குள் அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. ஆப்பம் சுட்டு விற்கும் ஆயிஷா உம்மா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு, "என்ட மனிசனுக்கு ஒரு பூன தங்கிற இடமும் சொந்தமா இல்லியே!" என்றாள்.

"எழுதினவருக்கு உம்மாவும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல போல" என்று கலந்தர் நெய் ஊற்றினார். "மரைக்கார், நீங்க என்ன சொல்றீங்க?"

மூத்த மரைக்கார் தாடியைத் தடவினார். "ஊர் முற தெரியாத விசரன் எழுதினது. இத வச்சிட்டா நாம சபை கூட்டின?"

"பட்டிக்காட்டான்!" என்றாள் ஒருத்தி.

"வழிப்போக்கன்!" என்றாள் இன்னொருத்தி.

"சின்னப் புள்ளைக்குத் தெரிஞ்சதும் தெரியாத மாடு!"

ஹாஜியாரின் காது மடல் சிவந்தது. சால்வையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். மறுபடி இடதுக்கு மாற்றினார். ஊரில் மூன்று பள்ளிவாசலுக்கு ஆலோசனை சொல்கிறவர். கலியாண வழக்கு, காணி வழக்கு எதுவென்றாலும் ஊர் முறை இன்னதென்று எடுத்துச் சொல்கிறவர். அவரை மாடு என்றார்கள், அதுவும் ஊர் முறை தெரியாத மாடு என்று!

"நிப்பாட்டுங்க!" என்று எழுந்தார். "ஆருக்கு ஊர் முற தெரியா? நான் அப்பிடியா எழுதினன்? புருஷனத் துரத்தியவ எண்டுதான் எழுதினன்! அச்சடிச்ச நாய் மாத்திப்போட்டான்!"

சிரிப்பு அறுந்தது. தன் வாயிலிருந்து என்ன வெளியே போயிற்று என்பது ஹாஜியாருக்கு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. அவர் மெதுவாகக் கதிரையைத் தேடினார். கலந்தர் அதை ஏற்கெனவே பின்னால் இழுத்து வைத்திருந்தார்.

கைருன்னிஸா கைப்பையைத் திறந்து அச்சுக்கூடத்துத் தாளை எடுத்தாள். பற்றுச்சீட்டோடு சேர்த்து மூத்த மரைக்காரிடம் கொடுத்தாள். "ஓம், அவர் அப்பிடித்தான் எழுதினவர். ரெண்டிலயும் ஊர்ப் பேரப் பாருங்க. தபால் பையில இருபத்தஞ்சு வருசமா இந்த மூணு சுழிக் கல்முணையப் பாத்தனான். இந்த ஊர்ல ஒராள்தான் அப்பிடி எழுதிற."

மரைக்கார் இரண்டையும் பார்த்தார். 786-ஐயும் பார்த்தார். "ஹாஜியார்" என்றார், சாந்தமாக. "நீங்களா விலகாம பட்டியல்ல இரிக்கிற உங்கட பேர வெட்ட எங்களுக்குச் சட்டத்துல இடமில்லயாம். உங்கட பேருக்கு ஆரும் புள்ளடி போட்டு வோட்டுக் குடுக்காம இரிக்க சட்டத்துல தாராளமா இடமிரிக்கி. போங்க."

ஹாஜியார் போனார். நடந்து போன விதம் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது அவ்வளவுக்குப் பெறுமதி இல்லை.

இனி என்ன? பிரசுரம் தாய்மாருடையது இல்லை. டீச்சர் விலக வேண்டியதில்லை. கலந்தர் கார்ச் சாவியை விரலில் சுழற்றத் தொடங்கினார். கைருன்னிஸா கைப்பையைப் பூட்டினாள்.

லைலா டீச்சர் மட்டும் உறையைக் கிழிக்கவில்லை. மாமரத்தடிக்கு வந்து நின்றார்.

"ஒரு விசயம் மிச்சமிரிக்கி" என்றார். "அச்சில வந்தது பொய். ஆனா ஹாஜியார் எழுதினது பொய்யில்ல."

கைருன்னிஸா திடுக்கிட்டாள். அவள் திடுக்கிட்டதைக் கலந்தர் கண்டது அபூர்வம். "டீச்சர், தேவல்ல" என்று மெல்லச் சொன்னாள்.

"தேவ. நாளைக்கு இன்னொராள் சரியா அச்சடிச்சா என்ன செய்யிற?" டீச்சர் பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். "பதினொரு வருசத்துக்கு முந்தி. மகளுக்குப் பத்து வயசு. பொம்புளப் புள்ளைக்கு அஞ்சாம் வகுப்பு போதுமெண்டு அவட வாப்பா ஜவுபர் புத்தகத்தையெல்லாம் அள்ளி அந்தா அந்தக் கிணத்துல போட்டார். புத்தகம் தண்ணில விழுந்த சத்தம் எனக்குக் கேட்டிச்சு. அடுத்ததா அவர்ட சூட்கேசு ரோட்டுல விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிச்சு. நான்தான் எறிஞ்ச. ஓம், புருஷனத் துரத்தின பொம்புள நான். முதலாளி மைக்குல சொன்னதக் கட்சிப் பகிடியெண்டு உட்டிருப்பீங்க. என்ட வாயால சொல்லாம உங்கட வோட்டு எனக்கு வேணாம்."

அவர் உறையை மூத்த மரைக்காரின் கையில் வைத்தார். "நோட்டீசு உங்கட இல்ல. இப்ப உங்கட வாயால கேக்கன். தாய்மார் வேணாமெண்டா, மரைக்கார் இதப் பிரிச்சு வாசிக்கட்டும்."

கலந்தர் சாவி சுழற்றுவதை நிறுத்தினார். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியதை இந்த மனுஷி தன் கையாலேயே மறுபடி தராசில் வைத்துவிட்டாரே! கைருன்னிஸாவால் இப்போது ஒன்றும் செய்ய முடியாது. துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கக்கூடிய விடை இல்லை இது. நூறு முக்காடுகளுக்குள் நூறு விடை இருந்தது.

கடைசியில் ஆயிஷா உம்மா பாயிலிருந்து முழங்காலில் கையூன்றி எழுந்தாள். மரைக்காரின் கதிரையடிக்குப் போனாள். அவர் கையிலிருந்த உறையை எடுத்து, ஆப்பச் சட்டி துடைக்கும் துணியில் சுற்றி இடுப்பில் செருகினாள்.

"இது அடுப்பு மூட்ட உதவும்" என்றாள். பிறகு லைலா டீச்சரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். அந்தத் தாழ்ந்த குரல் மதிலுக்கு வெளியே நின்ற ஆண்களுக்கும் நன்றாகக் கேட்டது. "வோட்டு இரிக்கட்டும் மகள். எங்கட ஊட்டுலயும் ஒண்டு கிடக்கு. அந்தத் துரத்துற விசயத்த எப்பிடித் தொடங்கிறண்டு ஒருக்காச் சொல்லித் தாங்களன்."

வளவே அதிர்ந்தது. மதிலுக்கு வெளியே சில செருப்புகள் அவசரமாக வீட்டுக்குத் திரும்பும் சத்தம் கேட்டது.

லைலா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "முதல்ல சூட்கேச எங்க வச்சிரிக்காரெண்டு பாருங்க" என்றார்.